நிராகரிப்பு விகிதம்

கெண்ட் ரிட்ஜ் குன்றின்மேல் ஐந்தாம் தளம்.
வெளியே வெயில் கொளுத்துகிறது.
உள்ளே நாற்பது பேரில் முப்பத்தொரு பேர்
கம்பளிச் சட்டைக்குள்.
(எண்ணிவிட்டேன். தொழில் புத்தி.)

முனைவர் சியோக் ஹூன்
திரையில் ஒரு மலை வரைகிறார்.
முழு மலையையும் யாரும் பார்த்ததில்லை, என்கிறார்.
காலடியின் உயரம் மட்டும் தெரியும்.
இருட்டில் கோலூன்றுவதுபோல்
அடுத்த அடிக்கு ஓரிடத்தை முன்மொழி.
மேடென்றால் போ.
பள்ளமென்றால் காசு சுண்டிப் பார்.

பக்கத்து நாற்காலி ரொஹைசா கிசுகிசுக்கிறாள்:
உங்கள் பாஷையில் இதற்குப் பழமொழி உண்டா?
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றேன்.
பானையைக் கிளறினார்களா, என்றாள்.

கிளறித்தான் வைத்திருக்கிறார்கள் இந்த ஊரில்,
புளோக்குக்கு இவர் இத்தனை அவர் இத்தனை என்று.
ஆனாலும் அடிப்பிடித்த சோறு
கரண்டிக்கு வருவதில்லை.

தேநீர் இடைவேளையில் கறிபஃப்.
என்னுடையதில் முட்டையே இல்லை,
அவளுடையதில் இரண்டு கீற்று.
இதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது
என்று இருவருக்கும் தெரியும்.

மதியம்:
முதல் ஆயிரம் அடிகளைத் தூக்கிப் போடுங்கள்,
தொடங்கிய இடத்தின் வாடை ஒட்டியிருக்கும்,
சங்கிலி அதை மறக்கும்வரை பொறுங்கள்.
நான் இங்கு வந்து பதினோரு ஆண்டு.
எத்தனையைத் தள்ளுவது?
எதிர்த்திசையில் ஏறிய ரயில்கள்,
ஓர் அறையில் ஐந்து பேர்,
தள்ளினால் சராசரி நன்றாகத்தான் வரும்.
குறிப்பேட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன்.

பிறகு, மூன்று பத்துக்கு,
பாதி அரங்கம் கண்சொருகிய வேளையில் சொன்னார்:
முன்மொழிவு மறுக்கப்பட்டால்
சங்கிலி நின்ற இடத்திலேயே நிற்கும்.
நின்றதையும் ஓர் அடியாக எண்ணுங்கள்.
அதே எண்ணை மறுபடி எழுதுங்கள்.
விட்டுவிட்டால் மொத்தக் கணக்கும் பொய்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

ஈசூன். ஒன்பதாம் மாடி. தாழ்வாரக் கடைசி.
போன வருடத் தூக்க ஆய்வில்
கணினி பொறுக்கித் தந்த இருபத்தேழாவது கதவு.
மூன்று முறை தட்டலாம் என்பது விதி.

முதல் முறை
கிராதிக்குப் பின்னால் பாதி முகம்: வேண்டாம்.
இரண்டாம் முறை
பனியன், சிவந்த கண்:
வேண்டாம் லா, இப்பத்தான் படுத்தேன்.
அப்போது மணி பிற்பகல் நான்கு.
மூன்றாம் முறை கதவு திறக்கவில்லை.
வாசலில் பாதுகாப்புக் காலணி ஒரு ஜோடி,
சேறு காயாமல்.
உள்ளே மின்விசிறி எதிலோ உரசிச் சுற்றியது.
மணியில் வைத்த விரலை எடுத்துவிட்டேன்.

குறியீடு ஏழு: பதிலின்மை.
மாற்று வீடு, மின்தூக்கிப் பக்கம்.
ஓய்வுபெற்ற திரு ஹம்சா
எட்டு மணி நேரம் என்று சிரித்தார்,
குளிர்ந்த பார்லித் தண்ணீர் தந்தார்.
அறிக்கையில் வந்த வளைவு
யாரும் குறை சொல்ல முடியாத அழகு.

கை தூக்கிக் கேட்டேன்:
இந்த விதி வீடுகளுக்கும் பொருந்துமா?

சியோக் ஹூன் யோசித்தார்.
இல்லை, அது வேறு மறுப்பு.
அங்கே கதவு மறுக்கிறது.
இங்கே மறுப்பது நாம்தான்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
விடுபட்டவர்களுக்கு எடை போடுவது
நாளைக் காலை ஒன்பது மணி வகுப்பு,
தாமதமாக வராதீர்கள்.

மழை பிடித்துக்கொண்டது.
தொண்ணூற்றைந்து வர இருபது நிமிடம்.
புவன விஸ்தாவில் ஏறிய ரயில் பெட்டியில்
பதினான்கு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்,
ஒருவர் நின்றபடியே,
கைப்பிடியில் மணிக்கட்டைக் கோத்து.

யாரையும் எழுப்பிக் கேட்கவில்லை.